பத்தாண்டு காத்திருந்த செவிகள்

‘உலகு உன் பாட்டைக் கேட்க வேண்டுமாயின் ஆங்கிலத்தில் பாடு’ என்பது, சிறுமொழி நாடுகளின் கலைஞர்க்கெல்லாம் இசைத்தட்டு வணிகர் நெடுங்காலமாக ஓதிவரும் அறிவுரை. அவ்வறிவுரை முழுதும் உண்மையாயின், 2013ஆம் ஆண்டிற்கும் 2023ஆம் ஆண்டிற்கும் இடையே நிகழ்ந்த ஒன்று நிகழ்ந்திருக்கவே இயலாது. நான்கு நூறாயிரம் மக்களும் நிறையாத ஒரு தீவின் மொழியில் பாடும் குழுவொன்று, அப்பத்தாண்டுக் காலமும் தன் அடுத்த இசைத்தொகுப்பை வெளியிடாதிருந்தது. அம்மொழியில் பத்துச் சொற்களும் அறியாத சுவைஞர், பல நாடுகளில் இருந்துகொண்டு, அத்தொகுப்பிற்காகக் காத்திருந்தனர். சலித்துக்கொண்டனர், குறை கூறினர், இனி வாராது என்றும் சொல்லிக்கொண்டனர், ஆயினும் காத்திருந்தனர். அக்காத்திருப்பு எதனை மெய்ப்பிக்கின்றது, எதனை மெய்ப்பிக்கவில்லை என்பதை மொழிப்பற்றுடையார் சற்றே நிறுத்து எண்ணிப் பார்த்தல் தகும்.

தீவு ஐசுலாந்து. குழுவின் பெயர் ‘சிகூர் உரோசு’. 1994இல் தலைநகரான இரெய்க்யவிக்கில் இளைஞர் மூவர் கூடித் தொடங்கியது அது. பாடகர் யோன்சியின் தங்கை அப்பொழுது பிறந்த குழந்தை. அவள் பெயரையே இரண்டாகப் பிரித்துத் தம் குழுவிற்குச் சூட்டிக்கொண்டனர். ‘வெற்றி’ என்பதும் ‘உரோசா’ என்பதும் அவ்விரு பகுதிகளின் பொருள். ஐரோப்பிய இளைஞர் குழுக்கள் ஆங்கிலப் பெயர் தேடி அலைந்த காலத்தில், தொட்டிலிற் கிடந்த குழந்தையின் பெயர் இவர்களுக்குப் போதுமானதாயிற்று. 1997இல் வெளிவந்த முதல் தொகுப்பிற்கு, அவர்கள் மொழியில் ‘நம்பிக்கை’ எனப் பொருள்படும் ஒற்றைச் சொல்லே பெயர். நாட்டிற்கு வெளியே அதனைக் கேட்டோர் மிகச் சிலரே. 1999இல் வந்த இரண்டாம் தொகுப்பின் பெயர் ‘நல்ல தொடக்கம்’. அதுவே கடல் கடந்தது. பின்னர் வந்தவற்றுள் ஒன்றின் பெயர் ‘நன்றி’. மற்றொன்றின் பெயர் ‘காதில் இரைச்சலோடு முடிவின்றி இசைக்கின்றோம்’ எனும் முழுத் தொடர். இப்பெயர்கள் ஒன்றையேனும் ஆங்கிலமாக்கி உறையில் அச்சிட்டால்தான் விலைபோகும் என்று அவர்கள் எண்ணவில்லை.

ஐசுலாந்தியர் தம் மொழியைப் பேணும் முறையைத் தூயதமிழ் அன்பர் பலரும் அறிவர். அயற்சொல்லை அப்படியே உள்ளே விடாது, பழஞ்சொல்லைத் தோண்டியெடுத்தோ புதுச்சொல்லைப் புனைந்தோ ஈடுசெய்வது அங்கே அறிஞர் சிலரின் விருப்பமாக மட்டும் நின்றுவிடவில்லை. 1964இல் அரசே மொழிக்கழகம் ஒன்றை நிறுவியது. நூல், இழை எனும் பொருளில் பண்டை இலக்கியத்தில் வழங்கி வழக்கிறந்து கிடந்த ‘சீமி’ என்னுஞ் சொல்லே இன்று அங்குத் தொலைபேசியின் பெயர். கணினி வந்தபொழுது, எண்ணைக் குறிக்கும் சொல்லையும் குறிசொல்லும் மூதாட்டியைக் குறிக்கும் பழஞ்சொல்லையும் பிணைத்து ஒரு பெயர் ஆக்கினர். எண்களைக் கொண்டு குறி சொல்பவள்! இதனினும் அழகிய பெயர் அக்கருவிக்கு வேறு எம்மொழியிலேனும் அமைந்ததோ என்பது ஐயமே. இசைத்துறைக்கும் அவ்வாறே. இசைக்குழு என்பது அவர்கள் மொழியில் ‘ஒலிக்கூட்டம்’. இசை என்பது ‘பண்கலை’. குறுவட்டு என்பது ‘கதிர்த்தட்டு’. ஒரு குழுவின் சுவைஞன் என்பவன் ‘வியந்து போற்றுவோன்’. ஒரு கலையின் கருவிப்பெயரும் ஆள்பெயரும் தாய்மொழியிலேயே இருக்குமிடத்தில், அக்கலைஞன் பாட வாய் திறக்கும்பொழுது முதலில் நாவிற்கு வருவது தாய்மொழியாகவே இருப்பது வியப்பன்று.

2005இல் வெளிவந்த ‘நன்றி’ எனும் தொகுப்பில், மழைநீர்க் குட்டைகளிற் குதிக்கும் பிள்ளைகளின் களிப்பைப் பாடும் பாட்டொன்று உண்டு. மறு ஆண்டு பிரித்தானியத் தொலைக்காட்சியான பி.பி.சி. தன் பெரும் இயற்கைத் தொடரின் முன்விளம்பரத்திற்கு அப்பாட்டை எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தின் தாய்நாட்டிலே, ஆங்கிலத் தொலைக்காட்சியிலே, ஐசுலாந்தியப் பாட்டு வீடுதோறும் ஒலித்தது. அதே 2006ஆம் ஆண்டின் கோடையில் இவர்கள் உலகச் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டு தாய்நாடு திரும்பி, கட்டணமின்றி ஊரூராய் இசைத்தனர். மீனவர் சிற்றூர்களிலும் திறந்த வெளிகளிலும் முதியோரும் பிள்ளைகளும் அமர்ந்து கேட்டனர். கிழக்கு மேட்டுநிலத்திற் கட்டப்பட்டுவந்த பேரணையால் நீரில் மூழ்கவிருந்த நிலத்தைக் காக்கப் போராடியோர் கூடாரமிட்டிருந்த இடத்திலும் இசைத்தனர். அங்கே மின்கருவி ஒன்றையும் இயக்காது வெறுங்கருவிகளாலேயே இசைத்தனர். அச்செலவைக் காட்டும் திரைப்படம் 2007இல் வெளிவந்தது. அதன் பெயருக்குத் ‘தன் வீட்டில்’ என்று பொருள்.

இத்தகைய குழு, 2013ஆம் ஆண்டு சூன் திங்களில் ‘திரி’ எனும் தொகுப்பை வெளியிட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, இசையமைப்பிற் பெரும்பங்கு கொண்டிருந்த கியார்த்தான் சுவெயின்சன் குழுவினின்று விலகிவிட்டார். எஞ்சிய மூவரும் தொடர்ந்தனர். 2016இல் ‘கடும்புயல்’ எனும் பொருளுடைய புதிய பாட்டொன்று வந்தது. அவ்வாண்டு கோடையின் நெடும்பகல் நாளன்று, தீவைச் சுற்றிச் செல்லும் 1,332 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை 24 மணி நேரத்தில் ஒரு வண்டியிற் சுற்றிவந்து, அக்காட்சி முழுவதையும் அப்பாட்டின் கூறுகளினின்று ஓயாது மாறிமாறி எழும் இசையுடன் நாட்டுத் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் நேரடியாக ஒளிபரப்பினர். பாறையும் பனியும் கடலும் சாலையுமன்றி அதில் வேறொன்றும் இல்லை. இருப்பினும் கண்கொட்டாது பார்த்தோர் உலகெங்கும் இருந்தனர். அடுத்த தொகுப்பு அண்மித்துவிட்டது என்றே அவரெல்லாம் எண்ணினர்.

வரவில்லை. 2017 கழிந்தது, அவ்வாண்டின் இறுதியில் இரெய்க்யவிக்கில் நான்கு நாள் இசைவிழா எடுத்தனரேயன்றித் தொகுப்பு வரவில்லை. 2018இல் தாளக் கலைஞரும் விலகினார். பாடகரும் அடித்தொனிக் கித்தார் இசைப்பவரான கேயோர்கு ஓல்முமாக இருவரே எஞ்சினர். குழு முடிந்தது என்றே பலரும் முடிவு கட்டினர். இதற்கிடையில் விலகியிருந்த கியார்த்தான், அமெரிக்காவில் வாழ்ந்துவந்த யோன்சியைக் காணச் சென்றார், பழைய நண்பர் இருவர் ஓரிடத்திற் கூடினால் நிகழ்வதே அங்கும் நிகழ்ந்தது, பாட்டுகள் பிறக்கலாயின. பின்னர்க் கொள்ளைநோய் உலகையே வீட்டிற்குள் அடைத்தது. 2022இல்தான் கியார்த்தான் குழுவிற்கு மீண்டார் எனும் செய்தி வெளிப்பட்டது.

இப்பத்தாண்டில் சுவைஞர் வாளாவிருந்திலர். அரங்குகளிற் பாடப்பெற்ற புதுப்பாட்டின் ஒவ்வொரு பதிவையும் தேடிக் கேட்டனர். பழம்பாட்டுகளின் சொற்களை எழுத்துக்கூட்டி, அம்மொழிக்கே சிறப்பான எழுத்துகளின் ஒலியைப் பழகி, சொல்லுக்குச் சொல் பொருள் தேடித் தம்முள் வழங்கிக்கொண்டனர். இதனை எவரும் அவர்மேற் சுமத்தவில்லை. பள்ளியிற் பாடமாகவும் இல்லை, தேர்வும் இல்லை, பிழைப்பிற்கும் உதவாது. ஒரு பாட்டின்மேற் கொண்ட காதல், ஆட்டுமந்தையும் எரிமலையும் மிகுந்த ஒரு தீவின் மொழியை அறியும் ஆசையை விதைத்தது. ஆட்சிமொழியாக்கியும் தேர்வுமொழியாக்கியும் வேலைவாய்ப்பைக் காட்டியும் ஒரு மொழியைப் பரப்ப முயல்வோர் இதனைக் காண்பது நன்று.

காத்திருப்பின் நடுவே வேறொரு காத்திருப்பும் முடிந்தது. அது பதினெட்டாண்டுக் காத்திருப்பு. பழைய எத்தாத் தொகைப் பாடல்களின் நடையில் அமைந்த நெடும்பாட்டு ஒன்றனுக்கு 2002இல் இவர்கள் இசை அமைத்து, பல்லிய இசையோடு இலண்டனில் அரங்கேற்றினர். அது பழம்பாடலே என்பாரும், சில நூற்றாண்டுகட்கு முன் யாரோ பழநடையைப் பின்பற்றிக் கட்டியது என்பாருமாக அந்நாட்டறிஞர் முரண்படுவர். அம்முரண்பாடு இசைக்குத் தடையாகவில்லை. மரபுவழி ஓதுவாரான சுதெயிந்தோர் அந்தர்சன் என்பார், பாட்டனார் காலத்து ஓதல்முறையிலேயே அதனைப் பாடினார். கற்களைச் செதுக்கி அடுக்கிய இசைக்கருவியொன்றும் உடனொலித்தது. ஐசுலாந்தியச் செய்யுளுக்கு மோனை உயிர்போன்றது. எந்தெந்த அடியில் எங்கெங்கே முதலெழுத்து ஒன்றவேண்டும் என்பதற்கு நூற்றாண்டுகளாக வழுவாத வரையறை உண்டு. யாப்பறிந்த தமிழர் அதனைக் கேட்பின் பொருள் அறியாமலே ஒரு நெருக்கத்தை உணர்வர். ஆனால் அவ்வரங்கேற்றம் இசைத்தட்டாக வெளிவந்தது 2020 திசம்பரில்தான்! அதுவரை அரங்கில் நேரிற் கேட்டோர் நினைவிலும், ஒருவர்க்கொருவர் கைமாற்றிக்கொண்ட அரைகுறைப் பதிவுகளிலும் அது வாழ்ந்தது.

பின்னர், 2023 சூன் 12ஆம் நாள் முதற்பாட்டும், நான்கு நாள் கழித்து 16ஆம் நாள் முழுத் தொகுப்பும் இணையவழி வெளிவந்தன. கையில் ஏந்தும் தட்டு வேண்டினோர் செபுதம்பர் வரை இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 16ஆம் நாளுக்கு மறுநாள், 1944இல் ஐசுலாந்து குடியரசான நாள். ஆண்டுதோறும் நாடே கொண்டாடும் நாள். தொகுப்பின் பெயர் ‘எட்டு’. அது அவர்களின் எட்டாவது தொகுப்பு. அவ்வளவே. பத்தாண்டு காக்கவைத்தவர்கள் பெயர்சூட்டுவதில் ஒரு நொடியும் வீணாக்கவில்லை போலும். பழைய நீச்சற்குளம் ஒன்றைப் பதிவுக்கூடமாக்கித் தாமே நடத்திவந்த இடத்திலும், இலண்டன் அபி சாலைக் கூடத்திலும், இலண்டன் பல்லியக் குழு ஒன்றனைக் கூட்டிப் பதிவு செய்தனர். தாளம் பெரும்பாலும் அடங்கி, நரம்பிசை மூடுபனிபோற் பரவும் பாட்டுகள் பத்து. முதலில் வந்த பாட்டின் பெயரைப் பிரித்துப் பார்ப்பின் ‘குருதி’, ‘பாறை’ எனும் இரு சொற்கள் கிடைக்கும். அந்நாட்டுப் பாறைநிலத்திற் படர்ந்து பூக்கும் ஒரு நறுமணப் பூண்டிற்கு அது பெயர். அளவு மீறி அமைதியாக உள்ளது எனக் குறைகூறினோர் இருந்தனர். இதற்காகவே காத்திருந்தோம் என்று கண்ணீர் மல்கினோரும் இருந்தனர். பாட்டு ஐசுலாந்தியத்தில் உள்ளதே என்று குறைப்பட்டார் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழும். ‘காத்திருப்பே சான்றாயின், சுவீடனின் ஆபா குழுவிற்காக உலகு நாற்பதாண்டு காத்திருந்ததே! அவர்கள் ஆங்கிலத்தில் அல்லவோ பாடினர்?’ என்பர். உண்மை. 1981 நவம்பரில் வெளிவந்த தொகுப்பிற்குப் பின் அவர்களின் அடுத்த தொகுப்பு 2021 நவம்பரில்தான் வந்தது. 2018இல் இரண்டு புதிய பாட்டுகள் பதிவாகிவிட்டன என அறிவித்து, அவ்விரண்டையும் கேட்பதற்கே 2021 செபுதம்பர் வரை காக்கவைத்தனர். ஐசுலாந்தியர்க்காகக் காத்திருந்தோரினும் ஆபாவிற்காகக் காத்திருந்தோர் பன்மடங்கினர் என்பதிலும் ஐயமில்லை. ஆங்கிலம் அவர்கட்கு வாயில் திறந்தது என்பதை மறுத்தல் பொய்ம்மையாகும்.

ஆயின் அவ்வாயில் திறந்த வரலாற்றையும் முழுதாகச் சொல்லவேண்டும். ஐரோப்பிய நாடுகளிடை ஆண்டுதோறும் நிகழும் யூரோவிசன் பாடற்போட்டியில், 1966 முதல் 1972 வரை ஒவ்வொரு நாடும் தன் மொழியிலேயே பாடவேண்டும் எனும் விதி இருந்தது. 1973இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. 1974இல் ஆபாவினர் தம் நாட்டுத் தேர்வரங்கில் ‘வாட்டர்லூ’வைச் சுவீடியத்திலேயே பாடித் தேர்வு பெற்றனர்; ஏப்பிரல் 6ஆம் நாள் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிற் போட்டியரங்கேறியபொழுது ஆங்கிலத்திற்கு மாறிக்கொண்டு வென்றனர். 1977இல் தாய்மொழி விதி மீண்டது. 1999இல் மீண்டும் நீங்கியது. பின்னர் அப்போட்டியைப் பார்ப்போர், பால்டிக் கரையினின்றும் பால்கன் மலையினின்றும் வருவோர் பலரும் ஒரே ஆங்கிலத்தில், ஏறத்தாழ ஒரே பாட்டையே பாடக் கேட்கின்றனர்.

ஆபாவினர் 1980இல் தம் பாட்டுகளை இசுபானியத்தில் மாற்றிப் பாடி, அம்மொழி வழங்கும் நாடுகட்கெனத் தனித்தொகுப்பே வெளியிட்டனர். சுவீடியத்திற்கு அப்பேறு வாய்க்கவில்லை. தொடக்கத்திற் சில பாட்டுகள் உண்டேயன்றி, சுவீடன் தந்த உலகப்புகழ்க் குழு சுவீடியத்திற் பாடிய முழுத்தொகுப்பு ஒன்றும் இல்லை. பாட்டமைத்த இருவராகிய பென்னி ஆண்டர்சனும் பியோர்ன் உல்வேயசும் பின்னாளில் இசைநாடகம் ஒன்றை ஆக்க முனைந்தபொழுது, பஞ்சத்தால் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த சுவீடிய உழவரைப் பற்றிய வில்கெல்ம் மூபேரியின் புதினங்களை எடுத்துக்கொண்டனர். அதனைச் சுவீடியத்திலேயே எழுதி 1995இல் மால்மோ நகரில் அரங்கேற்றினர். இளமையிற் புகழைத் தேடும்பொழுது ஆங்கிலம் போதுமாயிற்று. தம் முன்னோரின் துயரைப் பாட நேர்ந்தபொழுது அது போதவில்லை.

இரண்டாவது தடை இன்னும் வலியது. அதனைத் தூயமொழிப் பற்றாளர் தட்டிக்கழித்தல் கூடாது. ‘சுவைஞர் காத்திருந்தது யோன்சியின் குரலுக்கேயன்றி ஐசுலாந்தியத்திற்கன்று’ என்பது அது. மெலிந்து உயர்ந்து மிதக்கும் அக்குரலும், செல்லோவின் வில்லால் மின்கித்தாரை இழைத்து அவர் எழுப்பும் ஓசையுமே ஈர்ப்பு என்பர். அதற்குச் சான்றும் உண்டு. 2002இல் வெளிவந்த மூன்றாம் தொகுப்பிற்குப் பெயரே இல்லை. உறையில் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே. பாட்டுகளுக்கும் பெயர் இல்லை. பாடப்பெற்றதோ எந்த மொழியுமன்று, பொருளற்ற வெற்றொலிகள். அவ்வொலிக்கூட்டத்திற்கு ‘நம்பிக்கை மொழி’ என விளையாட்டாக ஒரு பெயரும் வழங்குகின்றது. உடன் இணைத்த சிறுசுவடியும் வெறுந்தாள். கேட்பவரே பொருளை எழுதிக்கொள்ளலாம். வெற்றொலிக்கும் இத்தனை சுவைஞர் உளரெனின், மொழிக்கு அதிற் பெருமை ஏது?

இவ்வினா முறையானதே. காத்திருந்தோர் அனைவரும் ஐசுலாந்தியப் பற்றாளர் ஆகிவிட்டனர் என முழங்குவது நகைப்பிற்கிடமாகும். மெய்ப்பட்டது அத்துணைப் பெரிதன்று, அதனினும் சிறியது. அயலான் காதிற்குத் தாய்மொழிப் பாட்டு தடையாகவில்லை என்பதே அது. ஆங்கிலத்திற் பாடாததால் இழந்துவிடுவாய் என்று அச்சுறுத்தப்பட்ட சுவைஞர் கூட்டம், ஆங்கிலம் இல்லாமலே பத்தாண்டு நின்றது. அச்சுறுத்தல் பொய்த்தது; அவ்வளவே போதும். அந்த வெற்றொலிகளும் வானினின்று வீழ்ந்தவை அல்ல. ஐசுலாந்தியம் பழகிய நாவில் தோன்றி, அம்மொழியின் அசையும் அழுத்தமும் ஊறிய ஒலிகளே அவை. தமிழ்ப்பாட்டில் பொருளின்றி வரும் ‘தன்னானே’ தமிழ் ஒலியாயிருத்தல் போல்வது. நான்கு நூறாயிரவர் மொழிக்கே இது கைகூடியதெனின், ஏழெட்டுக் கோடி மக்கள் பேசும் மொழியிற் பாடுவோர் சிலர்க்கு ‘நம் மொழியின் அங்காடி சிறிது’ எனும் நடுக்கம் எங்கிருந்து வந்ததோ!

ஐசுலாந்தியம் அச்சமற்று வாழ்கின்றது என்றும் கருதிவிடலாகாது. கணினியும் கைப்பேசியும் ஆங்கிலத்திலேயே பேசும் உலகில் அந்நாட்டுப் பிள்ளைகள் வளர்கின்றனர். ஐரோப்பிய மொழிகளின் கணினிப் பயன்பாட்டை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த அறிக்கை, மிகப் பின்தங்கி இடரில் இருக்கும் மொழிகளுள் ஐசுலாந்தியத்தையும் வைத்தது. அந்நாட்டின் பெரும்புகழ்ப் பாடகியான பியோர்க்கு உலகிற்குப் பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். 2011இல் உலகறிந்த இளைஞர் குழுவொன்று தன் பெயரையும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொண்டது. சிகூர் உரோசு குழுவும் குற்றமற்றதன்று. 2008ஆம் ஆண்டுத் தொகுப்பின் இறுதிப்பாட்டை ஆங்கிலத்திற் பாடினர். 2010இல் யோன்சி தனியே வெளியிட்ட தொகுப்பிற் பெரும்பகுதி ஆங்கிலமே. அவ்வழியே அவர்கள் போயிருக்கலாம். வணிகரும் அதனையே விரும்பியிருப்பர். போகவில்லை. அதற்குப் பின் வந்த தொகுப்புகளிலும், பத்தாண்டு கழித்து வந்த ‘எட்டி’லும், தீவின் மொழியே மீண்டது.

‘எட்டி’லும் ஒரு நெருடல் உண்டு. பத்துப் பாட்டுகளுள் ஏழாவதன் பெயர் ‘கோல்டு’ என்று ஆங்கிலத்தில் நிற்கின்றது. பொன்னுக்கு ஐசுலாந்தியத்தில் ‘குல்’ எனும் சொல் பழம்பாடற் காலந்தொட்டு வழங்கிவருகின்றது. தொலைபேசிக்கும் கணினிக்கும் பெயர் கண்ட மொழியில், கையில் இருந்த பொன்னை விட்டு அயலான் பொன்னை ஏன் எடுத்தனர் என்பதை அடுத்த தொகுப்பு வருமுன் அவர்களேனும் எண்ணிப் பார்க்கலாம். அதற்கும் எத்தனை ஆண்டு காத்திருக்க நேருமோ.